துளசிங்கத்தின் இருபது பெட்டிகள்

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் துளசிங்கம் முதலில் மோந்துதான் பார்ப்பார். டார்ச் அடிப்பது, திருப்புளியைத் தேடுவது எல்லாம் அதற்கப்புறம். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு. "கருகல. பொழைச்சிக்கும்" என்பார். அல்லது, "பல்லி குடும்பம் நடத்திகினு இருந்துருக்கு." பழைய கணினிகளுக்கு அவை இருந்த இடத்தின் வாசனை தங்கிவிடும் என்பது அவர் கட்சி. நாவலூரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசைக்குக் கீழே ஏழு வருடம் கிடந்த பெட்டியில் இன்னும் ஊதுபத்தி வருகிறதாம். இன்னொன்றில் நகப்பூச்சு. "இதாண்ட உக்காந்துகினு இருந்த பொண்ணுக்கு வேலையே குடுக்கல போல" என்று அதன் தலையில் தட்டினார்.

மோந்து முடித்தால் ரப்பர். பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர்தான். உள்ளேயிருக்கும் ராம் என்ற விரல் நீள நினைவக அட்டையைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் மேலும் கீழுமாகத் தேய்த்து, துகளை ஊதி, திரும்பச் சொருகுவார். 'கழிவு' என்று சீட்டு ஒட்டி அனுப்பப்பட்ட பத்துப் பெட்டிகளில் நான்கு இந்த ஒரு வைத்தியத்துக்கே கண் திறந்துவிடும். அப்போது அவர் சந்தோஷப்படுவதில்லை. சீட்டு ஒட்டியவர்களை நினைத்து லேசாக வருத்தப்படுகிறார். "ஒரு தபா தொடச்சிப் பாத்துருக்கலாம்ல?"

வயது ஐம்பத்தொன்று. ஊர் இரும்புலியூர். தாம்பரத்துக் கடைகளுக்குக் கேமரா மாட்டுவதும் பிரின்டர் பழுதுபார்ப்பதும் பிழைப்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் நிற்கும். ஜி.எஸ்.டி. சாலையின் எந்த நெரிசலிலும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிப் போனை எடுத்துவிடுவார். எடுத்ததும் ஹலோ கிடையாது. "இன்னா லைட் எரியுது?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். கூப்பிடுவது மனைவி கீதாவாக இருந்தாலும் இதே கேள்விதான்.

"அடுப்பு எரியுது. வந்து துண்ணுட்டுப் போ" என்பாள் கீதா.

அவருடைய பெட்டிகள் இருபதும் இருப்பது குடியிருப்போர் நலச் சங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில். ஒரு காலத்தில் கேரம் பலகை போட்டிருந்த அறை. நாவலூர் அலுவலகம் மடிக்கணினிகளுக்கு மாறியபோது, அங்கே ஒப்பந்தத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த துளசிங்கம் பழையவற்றைக் கேட்டு வாங்கினார். மூன்று நடையாக மினி வேனில் வந்தன. வந்தவற்றில் தேறியது இருபது. அடுத்து அவர் செய்த காரியத்தைப் பார்த்து, கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் காமு துடைப்பத்தை நட்டுவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கை உருவி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இப்பதான் பொழச்சிதுன்ன, உயிர எடுத்துகினு கீறியே."

"உயிரு அங்க கீது பாரு" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் மார்பளவுக்கு மேலே பலகை அடித்து, அதன்மேல் ஒரே ஒரு புதிய கணினி. அது மட்டும் அவர் சொந்தமாக வாங்கியது. பெயர் மாஸ்டர். ஐப்பசி மழையில் இந்த அறைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால்தான் அந்த உயரம். மாஸ்டரிலிருந்து ஒரு கம்பி இறங்கி, ஹப் என்று அவர் சொல்லும் தட்டையான கறுப்புப் பெட்டிக்கு வரும். ஹப்பில் இருபத்துநான்கு துளைகள். அங்கிருந்து கிளை பிரிந்து இருபது மேசைக்கும் இருபது கம்பிகள். பெட்டியின் சுவிட்சைத் தட்டினால் அது தனக்குள் எதையும் தேடாது. கம்பி வழியாக மாஸ்டரைத் தேடும். மாஸ்டர் குரல் கொடுத்ததும் திரை நீலமாக விரியும். கணக்குப் போடுவது, நினைவில் வைப்பது எல்லாம் மாஸ்டர் வேலை. மேசையிலிருக்கும் பெட்டி காட்டும், கேட்டுக்கொள்ளும், அவ்வளவே.

"கல்யாண மண்டபத்துல எல எலைக்கு அடுப்பு வெச்சிக்கினா கீறாங்க? ஒரே சமையக்கட்டு. ஒரே மாஸ்டர். பந்தி மட்டும் நீளம்" என்றார் காமுவிடம்.

"மாஸ்டர் மட்டையாய்ட்டா?"

"பந்தியே பட்டினி" என்று ஒத்துக்கொண்டார்.

அந்தப் பந்தியில் உட்காருபவர்கள் காலை ஏழு மணிக்கு வருகிறார்கள். துணிக்கடையில், மருந்துக்கடையில், தொழிற்பேட்டையில் வேலைக்கு நிற்பவர்கள். ஒன்பதுக்கெல்லாம் எழுந்து ஓட வேண்டியவர்கள். ரயில்வேக்கும் வங்கிக்கும் தேர்வு எழுதுகிறவர்கள். இப்போது தேர்வுகள் கணினியில்தான். இவர்களோ போனிலேயே படித்து, போனிலேயே மாதிரித் தேர்வு எழுதி வளர்ந்தவர்கள். முதல் நாள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள்: திரையை விரலால் தொட்டு மேலே தள்ளுவார்கள். அது நகராது. இன்னும் அழுத்தித் தள்ளுவார்கள். இருபது திரைகளிலும் மாடு நக்கியதுபோல விரல் தடங்கள். காமு வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பாள். திங்கட்கிழமை புதிதாக யாராவது வந்து மறுபடி தடவிவிட்டுப் போவார்கள்.

துளசிங்கம் ஒரு சமயம் ஒரு தேர்வு மையத்தில் ஒருநாள் கூலிக்குக் கணினி பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். அங்கே ஒரு பெண் மௌஸை மேசையிலிருந்து தூக்கி அந்தரத்தில் ஆட்டிக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது என்று துளசிங்கத்துக்குக் கட்டளை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போயிற்று. "அந்தப் பொண்ணுக்கு பதில் தெரியும் சார். வாயால முணுமுணுக்குது, 'பி', 'பி'ன்னு. அம்புக்குறிதான் பி-யாண்ட போய்ச் சேரல." இதை அவர் யாரிடம் சொன்னாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

அறையின் பதினொன்றாம் எண் மேசையில் தையல்நாயகி உட்காருவாள். இருபத்தெட்டு வயது. பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள்; தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சுடிதார் பிரிவில் வேலை. ஆரம்பத்தில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மௌஸை ஓட்டினாள். "போன்ல தொட்டா ஓடியாறான். இவன கையப் புடிச்சி இட்டுகினு போவணும் போலண்ணா" என்று சிரித்தாள். பதினோரு நாளில் அவளுக்கு ரயில்வே தேர்வு. இப்போது ஒரு கைதான் மௌஸில் இருக்கிறது, மற்றது கன்னத்தில்.

இந்த நிலையில்தான் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு நிறுவனம் எட்டுப் புது மடிக்கணினிகள் தருகிறது. அறைக்கு வர்ணம் அடித்து, குளிர்சாதனமும் மாட்டித் தருகிறது. ஒரே நிபந்தனை: பழைய பெட்டிகள் அறையில் இருக்கக் கூடாது. சங்கச் செயலாளர் மோகன்ராஜ் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. எதையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியபின் செய்கிறவர்.

"எட்டு பேர் உக்காருவாங்க சார். மீதி பன்னெண்டு பேரு?" என்று கேட்டார் துளசிங்கம்.

"ஷிஃப்ட் போட்டுக்கலாமே, மிஸ்டர் துளசிங்கம்."

"காலைல ரெண்டு மணி நேரந்தான் சார் அவங்களுக்கு. அதுக்குள்ள எத்தினி ஷிஃப்ட்டு போடுவீங்க?"

மோகன்ராஜ் யோசித்தார். அவருடைய சந்தேகமும் நியாயமானதுதான். "எனக்கு டெக்னிகலா தெரியாது. ஆனா எல்லாம் ஒரே மிஷினை நம்பி ஓடுதுன்னு சொல்றீங்க. அது ஒருநாள் நின்னா மொத்தமா நிக்கும் இல்லையா? லேப்டாப்னா ஒண்ணு போனா ஒண்ணுதான் போகும்." கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இருபது பேரையும் உட்காரவைத்து ஒன்றரை மணி நேர மாதிரித் தேர்வு நடத்த வேண்டும். சங்கக் கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். தடங்கல் இல்லாமல் நடந்தால் பெட்டிகள் இருக்கட்டும். நிறுவனத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டுவிடலாம். நடக்காவிட்டால் மாதக் கடைசியில் காலி.

சனிக்கிழமை துளசிங்கம் இருபதையும் ஒன்றாக ஓடவிட்டுச் சோதித்தார். மூன்று முறை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு, கமிட்டி வருகிறதே என்று கம்பிகளைச் சரிசெய்ய உட்கார்ந்தார். தொங்குகிற கம்பியைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. யார் கடையில் வேலைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும் கம்பிக் கூளத்தைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் வருவார். கட்டுவதும் பூக்காரியிடம் வாங்கிய வாழைநாரால். பிளாஸ்டிக் பட்டை கம்பியின் கழுத்தை நெரித்துவிடுமாம். அன்றும் நாரை நனைத்து வைத்துக்கொண்டு, கட்டுக் கட்டாகக் கட்டி, தரையில் ஒரு கம்பிகூட இல்லாமல் ஆக்கினார். பெருக்க வந்த காமு, "மாப்ள தல மாதிரி ஷோக்கா வாரி உட்டுக்கிறியே" என்றாள். அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

சோதித்தபின் சுத்தம் செய்தார். சுத்தம் செய்தபின் சோதிக்கவில்லை.

ஞாயிறு காலை இருபது பேரும் ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டார்கள். மோகன்ராஜும் கமிட்டிக்காரர்கள் இருவரும் பின்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். பத்து மணிக்குத் துளசிங்கம் தலையசைக்க, இருபது விரல்கள் இருபது பொத்தான்களை அழுத்தின. விசிறிகள் கிளம்பின. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஓடத் தொடங்கின. மாஸ்டரைத் தேடுகிறது என்று அர்த்தம். ஒரு நிமிடத்தில் நீலம் வர வேண்டும். வரவில்லை. புள்ளிகள் ஓடின. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். இருபது திரைகளிலும் ஒரே மாதிரி, யாரோ இருட்டில் நின்றுகொண்டு கதவைத் தட்டுவது போல.

மாஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. அதன் விளக்கு பச்சை. துளசிங்கம் அதை அணைத்துத் திரும்பப் போட்டார். புள்ளிகள்தான். ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றினார். ராம் அட்டையைத் தேய்த்தார். இருபதுக்கும் ஒரே நேரத்தில் ராம் கெடாது என்று கைக்குத் தெரிந்திருந்தும் தேய்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். தையல்நாயகி திரும்பி, "அண்ணா, நாங்க வெயிட் பண்றோம், நீ பதறாத" என்றாள். அதுதான் அவரை அதிகமாகப் பதற வைத்தது.

அரை மணி நேரம் கழித்துத்தான் அவருக்குத் தன் கேள்வியே நினைவுக்கு வந்தது. என்ன விளக்கு எரிகிறது? மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் ஹப்பைப் பார்த்தார். எப்போதும் அதன் விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் சிமிட்டும். சந்தையில் தனித்தனியாகப் பேசிக்கொள்வது போல. இப்போது அத்தனையும் ஒன்றாக, மூச்சு விடாமல், வெறி பிடித்தாற்போல் துடித்துக்கொண்டிருந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. வாழைநார்க் கட்டைப் பிரித்து ஒரு மஞ்சள் கம்பியை விரலால் பின்தொடர்ந்தார். ஹப்பில் தொடங்கிய அந்தக் கம்பி, கட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஹப்பிலேயே வந்து முடிந்தது. இனிமேல் வரப்போகும் பெட்டிக்காக அவரே ஒரு முனையை மாட்டி, மறு முனையைத் தரையில் விட்டுவைத்திருந்த கம்பி. நேற்று அந்த மறு முனை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலித் துளை இருந்தது. டக்கென்று சொருகிவிட்டிருக்கிறார். பெட்டிகள் மாஸ்டரைக் கூப்பிட்ட குரல் எல்லாம் இந்த வளையத்துக்குள் விழுந்து, சுற்றிச் சுற்றி, பெருகி, வேறு எந்தக் குரலும் நுழைய முடியாமல் செய்துவிட்டது.

மேசைக்கு வெளியே மோகன்ராஜின் குரல் கேட்டது.

"காமு, நேத்து சாயந்திரம் நீ தானே இங்க பெருக்கின?"

"ஆமா சார்."

"ஒயரை ஏதாச்சும் இழுத்துவிட்டியா?"

"தொடப்பம் பட்ருக்கும் சார்" என்றாள் காமு. அவளுக்கு எதுவும் தெரியாது. கேட்கிற தொனியை வைத்தே எது கெட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டு பழகியவள்.

"பாத்தீங்களா" என்று மோகன்ராஜ் கமிட்டிக்காரர்களிடம் திரும்பினார். பிறகு குனிந்து மேசைக்கடியில், "மிஸ்டர் துளசிங்கம், உங்க மேலயோ மிஷின் மேலயோ தப்பு இல்லனா இன்னிக்குக் கணக்கில்ல. அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை வெச்சுக்கலாம். ஹவுஸ்கீப்பிங்குக்கு வேற ஆள் பாத்துடறேன். சரியா?"

அந்த அறையில் மஞ்சள் கம்பியைப் பார்த்தவர் ஒருவர்தான். ஒரு முனையை உருவிவிட்டு வெளியே வந்து, "சரி சார்" என்றால் போதும். இருபது பெட்டிகளும் இருக்கும். துளசிங்கம் முழங்காலில் நின்றபடி ஹப்பின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முனையை உருவினார். துடிப்பு அடங்கி, விளக்குகள் மறுபடி தனித்தனியாகச் சிமிட்டத் தொடங்கின. வெளியே ஒரு திரை நீலமாயிற்று. இன்னொன்று. வரிசையாக எல்லாம். யாரோ கைதட்டினார்கள்.

அவர் மறு முனையையும் உருவிக்கொண்டு வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. கம்பியின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் தூக்கிப் பிடித்தார்.

"சார், ரெண்டு மொனையும் ஒரே பொட்டில சொருகி இருந்துச்சி. தொடப்பம் பட்டா ஒயரு கழண்டுக்கும். சொருகிக்காது. அழகா கட்றேன்னு நான்தான் சொருகினேன்."

மோகன்ராஜ் கம்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க இதுல இத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ். உங்க கையாலயே ஒரு ஒயர்ல மொத்தமும் நின்னுபோச்சு. நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு இப்படி ஆனா, இவங்க யார்கிட்ட போய் நிப்பாங்க?"

துளசிங்கம் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டார். கேள்வி சரியானது.

"பேசினபடிதான். மாசக் கடைசி" என்றார் மோகன்ராஜ்.

பதினொன்றாம் மேசையிலிருந்து தையல்நாயகி எழுந்தாள். "சார், அந்த எட்டு லேப்டாப்ல நான் எத்தினாவது ஆளு?"

"அதான் ஷிஃப்ட்டும்மா…"

"ஒன்பதரைக்கு நான் கடையில நிக்கணும் சார். எந்த ஷிஃப்ட்டு?"

"தையலு, கம்முனு எழுது" என்றார் துளசிங்கம். "டைம் ஓட உட்டுட்டேன். தொண்ணூறு நிமிஷம்."

அவள் உட்கார்ந்தாள். பத்தே முக்காலுக்குத் தேர்வு தொடங்கியது. மௌஸ்களின் சத்தம் மட்டும் கேட்டது. மோகன்ராஜும் கமிட்டிக்காரர்களும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மாடிக்குப் போனார்கள். காமு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னாத்துக்குண்ணா சொன்ன? நான்தான் ஒத்துக்கினேனே. திட்டு வாங்கறது எனக்கின்னா புதுசா?" என்றாள்.

"நீ ஒத்துக்கினா ஒயரு ஒத்துக்குமா?" என்றார் அவர்.

"பெரிய ஒயரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சற்றுநேரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் உட்காருகிறாரா என்று பார்க்காமலே மாடியேறினாள். அவர் உட்காரவில்லை. இருபது தலைகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அம்புக்குறிகள் கேள்வியிலிருந்து பதிலுக்கு, பதிலிலிருந்து அடுத்த கேள்விக்குத் தயங்காமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு பெட்டிகூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்குக் கட்டடத்தைப் பூட்ட வேண்டும் என்பது சங்க விதி. பன்னிரண்டு ஐந்துக்கு மோகன்ராஜ் பூட்டும் சாவியுமாக இறங்கி வந்தார். தேர்வு நடப்பதை அவர் மறந்திருக்கலாம். இதோடு முடிந்தது என்று நினைத்திருக்கலாம். வாசலோரச் சுவரில், மொத்த அறைக்கும் மின்சாரம் கொடுக்கும் மெயின் சுவிட்சை நோக்கி அவர் கை நீண்டது.

அதற்குள் துளசிங்கத்தின் உள்ளங்கை அங்கே இருந்தது. சுவிட்சின் கைப்பிடி தெரியாதபடி ஐந்து விரல்களும் விரிந்து மூடியிருந்தன. நகங்களில் இன்னும் நாரின் பிசுக்கு.

"இன்னும் பத்து நிமிஷம் கீது சார் அவங்களுக்கு" என்றார், யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மெல்லிய குரலில். கையை எடுக்கவில்லை.